அப்பாவின் கான்டெஸாவும், நான் எழுதிக் கொடுத்த தப்பான டோஸும்

1. இது மருத்துவ இழை இல்லை மக்களே. சுகர், பிரஷர், கொலஸ்ட்ரால் எதுவும் இன்னைக்குக் கிடையாது. ஒரு பழைய காரின் இன்ஜினுக்கு கேம் ஷாப்ட் தேர்ந்தெடுத்த கதை. சுத்திச் சுத்திக் கடைசியில ஒரு மருத்துவ விஷயத்துலதான் வந்து நிக்கும். கொஞ்சம் நீளம். டீயோ காபியோ எடுத்துக்கிட்டு உக்காருங்க.

2. எங்க வீட்டுல ஒரு கான்டெஸா இருக்கு. 1986 மாடல். 1993ல அப்பா செகண்ட் ஹேண்டா வாங்கினார். அருப்புக்கோட்டையில நூல் வியாபாரம் பண்ணிக்கிட்டிருந்த காலம். அந்த நீள மூக்கு, அகலமான உடம்பு, தாழ உக்காந்திருக்கிற தோரணை... "இந்தியாவோட மசில் கார்"னு இன்னைக்கும் பசங்க கொண்டாடுறது இதைத்தான். தெருவுக்குள்ள திரும்பினா தறிச்சத்தத்தையும் மீறி ஆளுங்க வெளியே வந்து பார்ப்பாங்க.

3. ஆனா ஒரு ரகசியம். மூக்குதான் நீளம், உள்ள இருக்கிறது அம்பாசிடர் இன்ஜின். உடம்பு இங்கிலாந்தின் வாக்ஸ்ஹால் விக்டர் காரோடது. அதோட அச்சுகளை ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் வாங்கி, 1984ல கான்டெஸான்னு சந்தைக்குக் கொண்டுவந்தாங்க. இன்ஜின் மட்டும் அவங்க அம்பாசிடர்ல ஏற்கனவே ஓட்டிக்கிட்டிருந்த 1489 சிசி பி.எம்.சி. பி சீரிஸ். ஏறத்தாழ 50 குதிரைத்திறன். பயில்வான் உடம்புக்குள்ள பள்ளிக்கூடப் பையனோட இதயம்னு வச்சுக்கங்க. 80களின் பிற்பாதியில ஜப்பானோட இசூசு 1.8 இன்ஜின் வந்த பிறகுதான் அந்தக் காருக்கு உண்மையான வேகம் வந்துச்சு. எங்களுது அதுக்கு முந்தின வண்டி.

4. அப்பாவுக்கு இப்ப 76 வயசு. வியாபாரத்தை விட்டு வருசம் ஆச்சு. திருச்சுழி பக்கம் எங்களுக்குக் கொஞ்சம் கரிசல் புஞ்சை இருக்கு. மழை பெய்தா மக்காச்சோளம், பருத்தி. பெய்யலைன்னா சீமைக்கருவேலம். விளையுதோ இல்லையோ, வாரத்துல நாலு நாள் காலையில காட்டுக்குப் போயிருவார். பின் சீட்டுல தண்ணி கேன், ஒரு தூக்குவாளி, பேப்பர். அவருக்கு அதுதான் வாக்கிங், அதுதான் கிளப், அதுதான் கோயில்.

5. மூணு வருசத்துக்கு முன்னாடி ஒருநாள் சாப்பிடும்போது சொன்னார்: "தம்பி, வண்டி முன்ன மாதிரி இழுக்க மாட்டேங்குது. ஏத்தத்துல ஒரு மாதிரி முக்குது."

அவர் சொன்னது அவ்வளவுதான். அந்த ஒரு வரியை நான் எப்படிக் கேட்டேன்கிறதுதான் இந்தக் கதையோட பிரச்சனை.

6. எனக்குள்ள ஒரு பழைய ஆசை தூங்கிக்கிட்டு இருந்துச்சு. அப்பா இளவட்டமா இருந்தப்ப மெட்ராஸ் பக்கம் சோழவரத்துக்குக் கார் ரேஸ் பாக்கப் போன கதையை சின்ன வயசுல நூறு தடவை கேட்டிருக்கேன். உலகப்போர் காலத்து விமான ஓடுதளத்துலதான் ரேஸ். நாம ரோட்டுல பாக்கிற அதே ஃபியட்டு, அதே ஹெரால்டு, ஆனா வேற குரல்ல கத்திக்கிட்டுப் போகுமாம். "அதே இன்ஜின்தான்டா, உள்ள கேமை மாத்திருவாங்க"ம்பார். கேம்னா என்னன்னு தெரியாத வயசுலயே அது மந்திரச் சொல்லா மனசுல விழுந்துருச்சு.

7. போதாக்குறைக்கு யூடியூப். அமெரிக்காவோட மஸ்டாங், கமாரோ வி8 வண்டிங்க சும்மா நிக்கும்போதே "டக்... டக்-டக்... டக்"னு நொண்டி நொண்டி உறுமும். உடம்பே குலுங்கும். பெரிய கேம் போட்ட வண்டிக்கு அதுதான் அடையாளம். ராத்திரி டியூட்டி முடிச்சு வந்து ஹெட்போன்ல அதைக் கேட்டுக்கிட்டே தூங்கின ஆள் நான். பெங்களூர்ல இருக்கிற சித்தப்பா பையன் வேற, "அண்ணே, பெரியப்பா வண்டிக்கு ஒரு ரேஸ் கேம் போடுவோம்"னு தூபம் போட்டான்.

8. சரி, கேம் ஷாப்ட்னா என்ன? இன்ஜினுக்கும் வால்வு உண்டு, இதயத்துக்கும் வால்வு உண்டு. இதய வால்வுக்கு யாரும் உத்தரவு போடுறதில்லை. ரத்தத்தோட அழுத்தம் இந்தப் பக்கம் கூடினா திறக்கும், அந்தப் பக்கம் கூடினா மூடும். இன்ஜின் வால்வு அப்படியில்லை. எப்பத் திறக்கணும், எவ்வளவு திறக்கணும், எப்ப மூடணும்னு ஒரு இரும்புத் தண்டு சொல்லணும். அதுதான் கேம் ஷாப்ட். அதுல முட்டை வடிவத்துல மேடுகள் இருக்கும். மேடு சுத்தி வரும்போது டேப்பட்டைத் தூக்கும், அது புஷ் ராடைத் தள்ளும், அது ராக்கரைச் சாய்க்கும், ராக்கர் வால்வை அமுக்கித் திறக்கும். இன்ஜின் ரெண்டு சுத்து சுத்தினா கேம் ஒரு சுத்து.

9. அந்த மேட்டோட வடிவம்தான் இன்ஜினோட ஜாதகம். மேடு உயரமா இருந்தா வால்வு அதிகமாத் திறக்கும். மேடு அகலமா இருந்தா வால்வு ரொம்ப நேரம் திறந்திருக்கும். இந்த "எவ்வளவு நேரம்"கிறதை டிகிரியில சொல்லுவாங்க.

நம்ம அம்பாசிடர் ரக சலூன் கேம்: உள்வாங்கும் வால்வு பிஸ்டன் மேல வர்றதுக்கு 5 டிகிரி முன்னாடி திறந்து, கீழ போய்த் திரும்பி 45 டிகிரி ஏறின பிறகு மூடும். மொத்தம் 230. வெளியேத்துற வால்வுக்கு 40, 10. அதுவும் மொத்தம் 230.

10. இங்கதான் எனக்குக் கிறுக்குப் பிடிச்சது. இதே 1489 சிசி இன்ஜின் இங்கிலாந்துல 1955ல வந்த எம்.ஜி.ஏ. ஸ்போர்ட்ஸ் காருக்கும் உள்ளே உக்காந்திருக்கு! ரெட்டைக் கார்புரேட்டர், வேற கேம். 50 சில்லறை கொடுத்த இன்ஜின் அங்க 70க்குப் பக்கத்துல கொடுத்துச்சு. அந்த கேமோட கணக்கு: 16, 56, 51, 21. நம்ம எண்களோட பக்கத்துல வச்சுப் பாருங்க. நாலுலயும் 11 கூட்டியிருக்காங்க, அவ்வளவுதான். 230 டிகிரி 252 ஆயிருச்சு.

எம்.ஜி. கார் பிரியர்களுக்காக அங்க இன்னைக்கும் விதவிதமா கேம் கடையிறாங்க. 252 சாது. அதுக்கு மேல 270, 280, 300ன்னு போய்க்கிட்டே இருக்கும்.

11. நான் எதை வாங்கினேன்? 280க்கும் மேல. ஏன்னு கேட்டா, பட்டியல்ல அதுக்கு நேரா "ஃபாஸ்ட் ரோடு"ன்னு போட்டிருந்துச்சு. அருப்புக்கோட்டை திருச்சுழி ரோடும் ரோடுதானே!

12. எங்க மெக்கானிக் அண்ணன் அந்த வண்டியை முப்பது வருசமாப் பாக்கிறவர். பார்சலைப் பிரிச்சு கேமைக் கையில உருட்டிப் பாத்தார். மேட்டை விரலால தடவினார். "தம்பி, இது மேல போய் வேலை செய்யிற சாமான். அப்பா மேல போறதே இல்லையே"ன்னார்.

எனக்கு உறைக்கலை. "போடுங்கண்ணே, பாத்துக்கலாம்"னேன். எம்.பி.பி.எஸ்., எம்.டி. படிச்ச திமிர்னு இப்பத் தோணுது. அவர் டாக்டருக்கு மரியாதை கொடுத்து, அதுக்கு மேல பேசலை.

13. இன்ஜினை இறக்கி, பழைய கேமை உருவி, புதுசைப் போட்டாச்சு. கூடவே புது டேப்பட், கடினமான வால்வு ஸ்பிரிங். முதல் ஸ்டார்ட். ஆஹா! அந்த நொண்டி உறுமல் எங்க ஷெட்டுக்குள்ள! ஆக்ஸிலேட்டரை மிதிச்சு 3000 தாண்டினா வண்டி வேற பிறவி எடுத்துச்சு. மதுரை நாலு வழிச்சாலையில காரியாபட்டி தாண்டி ஒருநாள் ஓட்டினேன். 38 வயசுக் கிழவி கும்மியடிச்ச மாதிரி இருந்துச்சு. வீடியோ எடுத்துப் போட்டேன், உங்கள்ல நிறையப் பேர் லைக் போட்டிருப்பீங்க. சாவியை அப்பாகிட்டக் கொடுத்துட்டு மதுரையில என் வேலைக்கு வந்துட்டேன்.

14. ரெண்டு மாசம் கழிச்சு அம்மா போன்ல வேற ஏதோ பேசிக்கிட்டிருக்கும்போது நடுவுல சொன்னாங்க: "ஒங்கப்பா இப்பல்லாம் பஸ்ஸுலதானப்பா காட்டுக்குப் போறாரு."

"ஏம்மா, வண்டி என்னாச்சு?"

"வண்டி நல்லாத்தான் இருக்காம். அவருக்குத்தான் முடியலையாம்."

15. எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. 76 வயசு மனுசன் திடீர்னு "முடியலை"ன்னா ஒரு டாக்டர் மகன் மண்டைக்குள்ள என்னென்ன ஓடும்? மூச்சு வாங்குதா, நெஞ்சு அடைக்குதா, கை கால் மரத்துப் போகுதா, மறதியா? அந்த வாரமே ஊருக்குப் போனேன். ஈ.சி.ஜி., எக்கோ, ரத்தம், கண் எல்லாம் பாத்தாச்சு. வயசுக்கு அருமையா இருக்கார்.

ராத்திரி திண்ணையில உக்காந்து மெதுவாக் கேட்டேன். முதல்ல மழுப்பினார். அப்புறம்தான் சொன்னார்.

16. திருச்சுழி பஸ் ஸ்டாண்ட் முக்குல திரும்பும்போது வண்டி ஆஃப் ஆயிருக்கு. பின்னாடி பஸ் ஹாரன். ஸ்டார்ட் பண்ணி, கிளட்ச் விட்டா மறுபடியும் ஆஃப். மூணு தடவை. யாரோ ஒரு பையன் இறங்கி வந்து, "தாத்தா, எந்திரிங்க, நான் ஓரமா எடுத்து விடுறேன்"ன்னிருக்கான். இன்னொருநாள் ஆட்டுமந்தை குறுக்க வந்தப்ப. இன்னொருநாள் வேகத்தடையில.

"கால் முன்ன மாதிரி நிதானமா இல்லடா தம்பி. வயசாயிருச்சுல்ல. ஒன் மேல தப்பில்ல, நீ நல்லாத்தான் செஞ்சு கொடுத்திருக்க. எனக்குத்தான் ஓட்டத் தெரியலை."

17. நாப்பத்தஞ்சு வருசமா கார் ஓட்டுற மனுசன். மருந்து எழுதினது நான். பக்கவிளைவு வந்தது அவருக்கு. பழியை ஏத்துக்கிட்டதும் அவரே. அன்னைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரலை.

18. மறுநாள் காலையில அவரை ஓட்டச் சொல்லி, நான் பக்கத்துல உக்காந்தேன். டேஷ்போர்டுல ஒரு டேக்கோமீட்டரை ஒட்டி வச்சேன். அப்பா எப்படி ஓட்டுறார்னு வாழ்க்கையில முதல்முறையா கவனிச்சுப் பாத்தேன். ஊரைத் தாண்டினதும் டாப் கியர். அதுக்கப்புறம் கியரைத் தொடவே மாட்டார். 40 கிலோமீட்டர் வேகம். ரெண்டு பக்கமும் கருவேல மரம், எதிர்ல ஆடு, மாடு, நெல்லு காயப்போட்ட ரோடு. எல்லாத்துக்கும் கால் எடுப்பார், வண்டி உருளும், மறுபடி லேசா மிதிப்பார். முள்ளு 1500லேர்ந்து 2200க்குள்ளயே ஆடிக்கிட்டிருந்துச்சு. போக வர ஒருதடவை கூட 2500ஐத் தாண்டலை.

நான் போட்ட கேம் கண்ணு முழிக்கிறதே 3000ல!

19. ஏன் இப்படின்னு புரிய ஒரு சின்னக் கணக்கு. 1500 ஆர்.பி.எம்.ல இன்ஜின் ஒரு சுத்து சுத்த 40 மில்லி செகண்ட். 230 டிகிரி கேம்ல உள்வாங்கும் வால்வு சுமார் 25 மில்லி செகண்ட் திறந்திருக்கும். அதே இன்ஜின் 6000ல ஓடினா அந்த நேரம் 6 மில்லி செகண்ட் சில்லறைதான். அவ்வளவு குறைஞ்ச நேரத்துல சிலிண்டர் நிரம்பாது. அதனால ரேஸ்காரங்க வால்வைச் சீக்கிரமே திறந்து, லேட்டா மூடுறாங்க. வேகத்துல காத்துக்கும் ஒரு உந்துதல் இருக்கும். ஓடுற பஸ்ஸுல பிரேக் அடிச்சா நிக்கிறவங்க முன்னாடி சாயிற மாதிரி, பிஸ்டன் திரும்பி மேல வர ஆரம்பிச்ச பிறகும் காத்து உள்ள பாய்ஞ்சுக்கிட்டே இருக்கும்.

20. மெதுவா ஓடும்போது? அந்த உந்துதல் கிடையாது. வால்வு இன்னும் திறந்தே கிடக்கு, பிஸ்டன் மேல வருது, உள்ள வந்த காத்தையும் பெட்ரோலையும் வந்த வழியே திருப்பித் தள்ளுது. சிலிண்டர்ல மிச்சம் இருக்கிறது குறைவு. அமுக்கம் குறைவு. இழுவை குறைவு.

இன்னொண்ணு. ஒரே நேரத்துல ரெண்டு வால்வும் திறந்திருக்கிற இடைவெளி ஒண்ணு உண்டு. சலூன் கேம்ல அது 15 டிகிரி, எம்.ஜி.ஏ.ல 37, ரேஸ் கேம்ல இன்னும் எக்கச்சக்கம். மெதுவா ஓடும்போது புகை உள்வழிக்கே திரும்பும். அந்த நொண்டி உறுமலோட காரணமே இதுதான். நான் ரசிச்சுக் கேட்டது இன்ஜின் மூச்சுத் திணர்ற சத்தத்தை.

ஆரோக்கியமான இதயத்துல உள்வால்வும் வெளிவால்வும் ஒருநாளும் சேர்ந்து திறந்திருக்காது. ரெண்டும் மூடியிருக்கிற நொடிகூட உண்டு, ரெண்டும் திறந்த நொடி கிடையாது. வால்வு கசிஞ்சு ரத்தம் பின்னாடி போனா நாங்க அதை நோய்னு சொல்லுவோம். நான் அதைக் காசு கொடுத்து, கப்பல்ல வரவழைச்சு, அப்பா வண்டிக்கு மாட்டியிருக்கேன்.

21. இந்த இன்ஜினுக்கே உரிய இன்னொரு சிக்கல். நாலு சிலிண்டருக்கும் உள்வழி ரெண்டே ரெண்டுதான். ஒண்ணும் ரெண்டும் ஒரு வழி, மூணும் நாலும் ஒரு வழி. எங்க ஊருக்காரங்களுக்குச் சொன்னா உடனே புரியும்: ஒரு தெருக்குழாய், ரெண்டு வீட்டுக் குடம். முதல் வீட்டம்மா குடத்தை எடுக்காம ரொம்ப நேரம் வச்சிருந்தா என்னாகும்? வால்வு திறந்திருக்கிற நேரம் நீள நீள, பக்கத்து சிலிண்டர் ஒண்ணோட பங்கை ஒண்ணு பிடுங்கும்.

22. கேம் வாங்க நினைக்கிற தம்பிமார்களுக்கு நான் பட்டுத் தெரிஞ்சுக்கிட்டது இதுதான். நல்ல கேம் ஷாப்ட் சக்தியைச் சும்மா கூட்டித் தர்றதில்லை. பெரும்பாலும் இடம் மாத்தி வைக்குது. கீழேர்ந்து எடுத்து மேல வைக்கும். அதனால முதல் கேள்வி "எவ்வளவு பவர் கூடும்?" இல்லை. "என் வண்டி எந்த ஆர்.பி.எம்.ல வாழுது?" அதை ஒருவாரம் ஓட்டிப் பாத்து எழுதி வைங்க.

அடுத்து வண்டியோட எடை, கியர், கம்ப்ரஷன். கனமான வண்டி, குறைஞ்ச கம்ப்ரஷன்னா பெரிய கேம் வேண்டாம். ஒத்தைக் கார்புரேட்டரும் பழைய சைலன்சரும் அப்படியே இருந்தா, கேம் மட்டும் மாத்தி பிரயோஜனம் இல்லை. வாசல் அகலமாக்கி சந்தைக் குறுக்கின கதை. மேடு உயரம்னா ஸ்பிரிங் அந்த அளவுக்கு அமுங்குமான்னு அளக்கணும். பெட்ரோல் பம்பை ஓட்டுற துருத்து உங்க வண்டிக்கு வேணும்னா அது புது கேம்ல இருக்கான்னு பாக்கணும். பிரேக்குக்கு வேக்குவம் சர்வோ இருந்தா ரொம்ப கவனம். பெரிய கேம் ஐட்லிங்ல வேக்குவத்தைக் குறைச்சிரும், பிரேக் கட்டையாயிரும். அங்க விளையாடக் கூடாது.

23. சரி, கதைக்கு வருவோம். மெக்கானிக் அண்ணன்கிட்டப் போய் நின்னேன். "அண்ணே, நீங்க சொன்னதைக் கேக்கலை. இப்ப ஒரு நடுத்தரமா, அந்த 252ஐப் போடுவோமா?"ன்னேன்.

அவர் பதில் சொல்லாம உள்ள போய், துணியில சுத்தி வச்சிருந்த எங்க பழைய கேமை எடுத்துட்டு வந்தார். தூக்கிப் போடலை மனுசன். ரெண்டு வி கட்டை மேல வச்சு, டயல் கேஜை மாட்டி, மெதுவா உருட்டினார். எட்டு மேடு. ஏழு மேட்டுக்கு முள்ளு ஏறக்குறைய ஒரே இடம் வரைக்கும் ஏறுச்சு. எட்டாவது, மூணாம் சிலிண்டரோட எக்ஸாஸ்ட் மேடு. முள்ளு பாதிதான் ஏறுச்சு.

"தேஞ்சு போச்சு தம்பி. அப்பா இழுக்கலைன்னு சொன்னது இதைத்தான்."

24. நோயாளி சரியாத்தான் சொல்லியிருக்கார். "முன்ன மாதிரி இழுக்கலை." அந்த "முன்ன மாதிரி"ங்கிற வார்த்தையில முழு நோயும் இருக்கு. முன்ன நல்லா இருந்தது, இப்ப ஏதோ கெட்டிருக்கு. எங்க மாணவர்களுக்கு நான் முதல் நாள் சொல்லித்தர்ற பாடம் இது. நான் என்ன பண்ணினேன்? பரிசோதிக்காம, அளக்காம, நோய் என்னன்னே தெரியாம, என் ஆசைக்கு ஒரு மருந்து எழுதிட்டேன். அதுவும் முழு டோஸ்.

"252 யாருக்குத் தம்பி, ஒங்களுக்கா அப்பாவுக்கா?"ன்னார் அண்ணன். அதுக்கு மேல நான் பேசலை.

25. மதுரையில பழைய ஸ்டாக் வச்சிருக்கிற ஒரு ஸ்பேர் பார்ட்ஸ் கடையில கிரீஸ் காகிதத்துல சுத்தின புது அம்பாசிடர் பெட்ரோல் கேம் ஒண்ணு கிடைச்சது. அளந்து பாத்தோம். அதே 230. எட்டுப் புது டேப்பட். பழைய டேப்பட்டைப் புது கேம்ல போடவே கூடாது. ஒண்ணோட ஒண்ணு உரசிப் பழகின ஜோடியைப் பிரிச்சு வேற ஒண்ணோட சேர்த்தா ரெண்டும் தேயும்.

முதல் ஸ்டார்ட்தான் கேமோட ஆயுசைத் தீர்மானிக்கும்னு அண்ணன் சொன்னார். மேடுகள்ல பசை மாதிரி லூப் தடவி, ஸ்டார்ட் ஆனதும் ஐட்லிங்ல விடாம, 2000க்கு மேல கூட்டியும் குறைச்சும் இருபது நிமிசம். இந்த மாதிரி தட்டை டேப்பட் இன்ஜினுக்கு துத்தநாகச் சேர்மானம் போதுமான அளவு இருக்கிற ஆயில் வேணும். இப்போதைய கார்களுக்கான பல ஆயில்கள்ல புகை வடிகட்டியைக் காப்பாத்த அதைக் குறைச்சுட்டாங்க. எங்க பழைய கேம் தேஞ்சதுக்கு, நான் அன்பா வாங்கிக் கொடுத்த விலை கூடின நவீன ஆயிலும் ஒரு காரணமா இருக்கலாம்னு அண்ணன் சந்தேகப்படுறார். அந்தக் கணக்கும் என் பேர்லதான்.

26. வண்டி ரெடி. ஆனா அப்பா ஏறமாட்டேங்கிறார். "வேணாம்டா, நீ ஓட்டு. பஸ்ஸு சவுரியமாத்தான் இருக்கு." ஒரு மனுசன் தன் மேல நம்பிக்கை இழக்க மூணு தடவை ஆஃப் ஆனா போதும். அதைத் திருப்பிக் கொடுக்க இன்ஜின் வேலை மட்டும் போதாது.

தேஞ்ச கேமை எடுத்துட்டு வந்து அவர் கையில கொடுத்தேன். எட்டாவது மேட்டைத் தடவிப் பாக்கச் சொன்னேன். ரேஸ் கேமையும் பக்கத்துல வச்சேன். "அப்பா, ஒங்க கால்ல ஒண்ணும் இல்லை. நீங்க சொன்னது இதைத்தான். நான்தான் கேக்கலை. அப்புறம் இதைப் போட்டு வண்டியைக் கெடுத்ததும் நான்தான். முக்குல ஆஃப் ஆனது ஒங்களாலே இல்லை, என்னாலே."

ரெண்டையும் மாத்தி மாத்தித் தடவிப் பாத்துக்கிட்டே இருந்தார். ரொம்ப நேரம் கழிச்சு, "அப்ப எனக்கு ஓட்டத் தெரியும்கிற"ன்னார்.

27. மறுநாள் காலையில ஆறு மணிக்கு ஷெட் கதவு திறக்கிற சத்தம். நான் எழுந்து வர்றதுக்குள்ள தண்ணி கேன் ஏத்தியாச்சு. நானும் ஏறிக்கிட்டேன். டாப் கியர், 40 கிலோமீட்டர். குண்டாத்துப் பக்கத்து ஏத்தத்துல கியர் மாத்தாம, கால் லேசா அழுத்தினார். வண்டி முனகாம ஏறுச்சு. பஸ் ஸ்டாண்ட் முக்குல வேணும்னே நிறுத்தி, நிதானமாத் திருப்பினார். ஆஃப் ஆகலை. அவர் ஒண்ணும் சொல்லலை. மீசைக்குக் கீழ லேசா ஒரு சிரிப்பு மட்டும்.

28. இப்ப அந்த மருத்துவ விஷயம். எங்க ஓ.பி.க்கு வர்ற பெரியவங்ககிட்ட அடிக்கடி கேக்கிற வார்த்தை இது: "வயசாயிருச்சு சாமி, தலை சுத்துது." "வயசாயிருச்சு, நடந்தா தள்ளாடுது." நாங்களும் தலையாட்டிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டுருவோம். ஆனா நோண்டிக் கேட்டா, பல நேரம் காரணம் வயசா இருக்காது. காலையில வெறும் வயித்துல பிரஷர் மாத்திரையைப் போட்டுட்டு வெயில்ல களையெடுக்கப் போற அம்மாவா இருப்பாங்க. நாலு வேளை சாப்பிடுறவருக்கான சுகர் மாத்திரையை ரெண்டு வேளை கஞ்சி குடிக்கிறவர் போட்டுக்கிட்டிருப்பார். மருந்து நல்ல மருந்துதான். அது வேற ஒரு ஆர்.பி.எம்.ல வாழுற ஆளுக்கான மருந்து.

அவங்க நம்மைக் குத்தம் சொல்ல மாட்டாங்க. "டாக்டர் நல்லாத்தான் எழுதியிருக்கார், எனக்குத்தான் முடியலை"ம்பாங்க. எங்க அப்பா மாதிரியே.

29. அதனால ரெண்டு வேண்டுகோள்.

ஒண்ணு, மாத்திரையை நீங்களா நிறுத்தாதீங்க, குறைக்காதீங்க. அது ஆபத்து. ஆனா புது மாத்திரை ஆரம்பிச்ச பிறகு தலை சுத்தல், தள்ளாட்டம், அசதி வந்தா "வயசு"ன்னு முடிவு பண்ணாம டாக்டர்கிட்டப் போய் "முன்ன மாதிரி இல்லை"ன்னு சொல்லுங்க. எத்தனை மணிக்குச் சாப்பிடுறீங்க, எவ்வளவு வெயில்ல நிக்கிறீங்க, எவ்வளவு தண்ணி குடிக்கிறீங்கன்னும் சேத்துச் சொல்லுங்க. கேக்கலைன்னாலும் சொல்லுங்க.

ரெண்டு, வீட்டுல பெரியவங்க நேத்து வரைக்கும் செஞ்ச ஒரு வேலையை இன்னைக்கு சத்தமில்லாம விட்டுட்டா, ஏன்னு கேளுங்க. ஒருதடவை மழுப்புவாங்க. ரெண்டாந்தடவை கேளுங்க.

30. ரேஸ் கேம் இப்ப மதுரையில என் மேசை மேல இருக்கு. பேப்பர் பறக்காம இருக்க வச்சிருக்கேன். "இது என்ன சார்?"னு கேக்கிறவங்ககிட்ட, "நான் எழுதின தப்பான மருந்துச்சீட்டு"ன்னு சொல்லுவேன்.

கான்டெஸா இன்னைக்குக் காலையிலயும் திருச்சுழி போயிட்டு வந்துருச்சு. அப்பா போன் பண்ணினார். மக்காச்சோளம் முளைச்சிருக்காம், மழைதான் வேணுமாம். வண்டியைப் பத்தி எதுவும் சொல்லலை. சொல்ல எதுவும் இல்லைன்னா வண்டி நல்லா இருக்குன்னு அர்த்தம்.

உங்க வீட்டுப் பெரியவங்க ஓட்டுற பழைய வண்டி எதுன்னு கீழ சொல்லுங்க.